மிரர் சிமெட்ரியில் ஆய்வு செய்ய ஸ்ட்ரிங் தியரி படித்துவிட்டு வரவேண்டுமா?

முதுகலைக் கணிதம் இறுதியாண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இயற்கணித வடிவியலில், அதிலும் மிரர் சிமெட்ரியில், முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. ஸ்ட்ரிங் தியரி எனக்குத் தெரியாது. அதைக் கற்ற பிறகுதான் இதற்குள் வரமுடியுமா? இவ்வளவு பெரிய ஆட்கள் வேலை செய்துவிட்ட இடத்தில் எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?" மிரர் சிமெட்ரி என்பது, ஒரு வடிவத்தின் மேல் போடவேண்டிய கடினமான கணக்கை அதன் ஜோடியான இன்னொரு வடிவத்தின் மேல் எளிதாகப் போடும் வழி; ஸ்ட்ரிங் தியரி என்ற இயற்பியல் கோட்பாட்டிலிருந்து கணிதத்துக்கு வந்தது. முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: ஸ்ட்ரிங் தியரியைக் கற்றுக்கொண்டு வரவேண்டியதில்லை. ஆனால் அவர் மனத்தில் இருப்பது இரண்டாவது கேள்விதான் என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் ஓர் ஆய்வு மாணவர் உட்கார்ந்து என்னதான் செய்கிறார், அவருக்கென்று ஒரு கேள்வி எங்கிருந்து கிடைக்கிறது? நான் இயற்கணித வடிவியல் பக்கமிருந்து இதற்குள் வந்தவன், ஆய்வு மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்பவன். இதன் மறுபாதியான சிம்ப்ளெக்டிக் வடிவியலைப் படித்திருக்கிறேனே தவிர அதில் ஆய்வு செய்ததில்லை. ஆகவே அந்தப் பக்கம் பற்றிய என் மதிப்பீடுகளுக்குக் கொஞ்சம் குறைவான எடை கொடுங்கள்.

பொதுப்படையாகப் பேசினால் இதில் எதுவும் பிடிபடாது. ஒரே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு அதிலேயே நிற்போம். ஐந்து மாறிகளில், எல்லா உறுப்புகளும் ஐந்தாம் படியாக இருக்கும் ஒரு பல்லுறுப்புக்கோவையைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துங்கள். நான்கு பரிமாண புரொஜெக்டிவ் வெளிக்குள் மூன்று பரிமாண வடிவம் ஒன்று கிடைக்கும். எண்கள் எல்லாம் கலப்பெண்கள். இந்த வடிவத்துக்குக் குவின்டிக் என்று பெயர். இதன் மேல் எத்தனை நேர்கோடுகள் கிடக்கின்றன? அந்த வெளியில் ஒரு கோட்டைக் குறிக்க 6 அளவுருக்கள் வேண்டும். நம் சமன்பாட்டை ஒரு கோட்டின் மேல் மட்டும் பார்த்தால் அது இரண்டு மாறிகளில் ஐந்தாம் படிக் கோவையாகிவிடும். அதற்கு 6 கெழுக்கள். கோடு முழுவதும் குவின்டிக்கின் மேலே கிடக்க வேண்டுமானால் அந்த ஆறும் பூச்சியமாக வேண்டும். ஆறு அளவுரு, ஆறு நிபந்தனை. ஆகவே பொதுவான ஒரு குவின்டிக்கின் மேல் கோடுகளின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். விடை 2875. இது 19-ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஷூபர்ட் காலத்திலேயே தெரிந்த எண். கோடுகளுக்கு அடுத்து இரண்டாம் படி வளைவரைகள். அவற்றின் எண்ணிக்கை 6,09,250 என்று 1986-இல் ஷெல்டன் காட்ஸ் காட்டினார். கோளம் போன்ற வளைவரைகளை மட்டுமே எண்ணினாலும், மூன்றாம் படியில் கணக்கு மிகக் கடினமாகிவிட்டது. நான்காம் படியைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட இல்லை.

1991-இல் கண்டேலாஸ், டி லா ஓஸா, பால் கிரீன், பார்க்ஸ் என்ற நான்கு பேர் இயற்பியல் இதழொன்றில் வெளியிட்ட கட்டுரை, எல்லாப் படிகளுக்குமான எண்ணிக்கையையும் ஒரே முறையில் தந்தது. மூன்றாம் படிக்கு அவர்கள் சொன்ன விடை 31,72,06,375. அதே நேரத்தில் நார்வேயைச் சேர்ந்த எல்லிங்ஸ்ரூட், ஸ்ட்ரோமே என்ற இரு கணிதவியலாளர்கள் கணினி உதவியோடு நேரடியாகக் கணக்கிட்டதில் வந்தது 2,68,25,49,425. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்த ஆண்டு பெர்க்லியில் இரு தரப்பும் சந்தித்தபோது, கணிதவியலாளர் பலர் இயற்பியலாளர்களின் முறையைத்தான் சந்தேகித்தார்கள். சில வாரங்களில் நார்வேக்காரர்களே தங்கள் நிரலில் இருந்த பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். திருத்தியதும் வந்த எண் 31,72,06,375. நம் துறையில் நடந்தவற்றுள் நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். இந்த ஒத்துப்போதல் மட்டும் இல்லையென்றால் இயற்கணித வடிவியலாளர்கள் இவ்வளவு பேர் இந்தப் பக்கம் திரும்பியிருப்பார்களா என்பது சந்தேகம்.

அவர்கள் செய்தது என்ன? குவின்டிக்கின் மேல் எந்த வளைவரையையும் அவர்கள் எண்ணவே இல்லை. குவின்டிக் போன்ற கலாபி–யாவ் வடிவங்களுக்கு இரண்டு முக்கியமான ஹாட்ஜ் எண்கள் உண்டு. ஒன்று, அதன் மேல் நீளம், பரப்பு ஆகிய அளவுகளை எத்தனை விதமாக மாற்றலாம் என்பதைச் சொல்லும். குவின்டிக்குக்கு அது 1. மற்றது, சமன்பாட்டின் கெழுக்களை மாற்றி வடிவத்தை எத்தனை விதமாகத் திரிக்கலாம் என்பதைச் சொல்லும். ஐந்து மாறிகளில் ஐந்தாம் படி உறுப்புகள் 126. மாறிகளை மாற்றி எழுதுவதால் வரும் 25-ஐக் கழித்தால் 101. அதுதான் இரண்டாவது எண். பிரையன் கிரீனும் ரோனன் பிளெஸ்ஸரும் 1990-இல் குவின்டிக்கின் ஒரு சிறப்புக் குடும்பத்தை எடுத்து, 125 உறுப்புகளுள்ள ஒரு குலத்தால் வகுத்து, அதில் வரும் கூர்முனைகளைச் சரிசெய்து இன்னொரு வடிவத்தை உருவாக்கினார்கள். அதற்கு இந்த இரு எண்களும் இடம் மாறியிருக்கும்: 101, 1. இதுதான் மிரர். மூல வடிவத்தில் வளைவரைகளை எண்ணும் கணக்கு, மிரர் வடிவத்தில் ஒரே ஓர் அளவுருவைத் திரித்துப் பார்க்கும் கணக்காக மாறிவிடுகிறது. அது ஒரு சாதாரண நான்காம் வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டில் போய் முடிகிறது.

அந்தச் சமன்பாட்டின் முதல் தீர்வு ஓர் அடுக்குத் தொடர். அதன் கெழுக்களை நீங்கள் இப்போதே எழுதிவிடலாம். ஓர் எண்ணை எடுத்து, அதன் ஐந்து மடங்கின் காரணீயத்தை, அந்த எண்ணின் காரணீயத்தின் ஐந்தாம் அடுக்கால் வகுங்கள். பூச்சியத்துக்கு 1, ஒன்றுக்கு 120, இரண்டுக்கு 1,13,400. இரண்டாவது தீர்வில் மடக்கை வரும். இந்த இரண்டு தீர்வுகளின் விகிதத்திலிருந்து ஒரு புதிய மாறி கிடைக்கும். எல்லாவற்றையும் அந்தப் புதிய மாறியில் திருப்பி எழுதினால் 5, 2875, 48,76,875 என்று தொடங்கும் தொடர் வெளிப்படும். இரண்டாவது இடத்தில் நம் கோடுகள் வந்துவிட்டன. மூன்றாவது எண்ணிலிருந்து 2875-ஐக் கழித்து, மீதியை 8-ஆல் வகுத்துப் பாருங்கள்: 6,09,250. ஒவ்வொரு கோட்டையும் இருமுறை சுற்றிவரும் வழிகள் சேர்ந்துவிடுவதால்தான் அந்தக் கழித்தல். இரண்டாம் படி என்பதால் இரண்டின் மூன்றாம் அடுக்கு 8. ஒரு மாலைப்பொழுதில் தாளிலும் கணினியிலுமாக இதைச் செய்து முடிக்கலாம். செய்யுங்கள். இதைத் தன் கையால் போட்டுப் பார்க்காமல் இந்தத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்பது என் கறாரான கருத்து.

இனி, எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. 1991-இல் அந்தத் தொடர் ஒரு கணிப்பு மட்டுமே. அது எதை எண்ணுகிறது என்பதற்கே சரியான வரையறை இல்லை. வளைவரைகளை எண்ணுவதற்கான குரோமோவ்–விட்டன் எண்கள் என்ற வரையறை அடுத்த சில ஆண்டுகளில் உறுதிப்பட்டது. 1996-இல் கிவென்டாலும், 1997-இல் லியன், லியு, யாவ் மூவரும் அந்தத் தொடரை நிரூபித்தார்கள். ஆகவே கோளம் போன்ற வளைவரைகளுக்கு, அதாவது ஜீனஸ் (துளைகளின் எண்ணிக்கை) பூச்சியத்தில், குவின்டிக் பற்றிய சூத்திரம் இன்று தேற்றம். ஜீனஸ் ஒன்றுக்கு ஸிங்கர் நிரூபித்தார். அதற்கு மேலுள்ள ஜீனஸ்களுக்கு 1993-இல் இயற்பியலாளர் நால்வர் எழுதிய சமன்பாடுகள் கணிதமாக மாறத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான்.

ஆனால் குரோமோவ்–விட்டன் எண்ணும் உண்மையான வளைவரைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. பொதுவான குவின்டிக்கின் மேல் ஒவ்வொரு படியிலும் முடிவுள்ள எண்ணிக்கையில்தான் இத்தகைய வளைவரைகள் உண்டு என்ற கிளெமென்ஸின் ஊகம் சிறிய படிகளுக்கு மட்டுமே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. பொதுவான என்ற சொல்லையும் கவனியுங்கள். ஐந்து மாறிகளின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் வரும் ஃபெர்மா குவின்டிக்தான் எல்லோரும் முதலில் எழுதிப் பார்ப்பது. அதன் மேல் கோடுகள் 2875 அல்ல, முடிவிலி! பத்தாம் படியில் இன்னொரு சிக்கல். ஐந்தாம் படி வளைவரைகளில் தன்னைத்தானே வெட்டிக்கொள்பவை உண்டு. அவற்றை இருமுறை சுற்றும் வழிகள், மேலே கோடுகளுக்குக் கழித்ததைப் போல எளிதாகக் கழிந்துபோவதில்லை. ஆகவே அந்தப் படிக்குத் தொடர் தரும் எண் உண்மையான எண்ணிக்கை ஆகாது. இந்த எண்கள் ஏன் முழு எண்களாக வருகின்றன என்பதுகூட நீண்ட காலம் திறந்திருந்த கேள்வி. 1998-இல் ராஜேஷ் கோபகுமாரும் கும்ருன் வஃபாவும் இயற்பியல் காரணம் ஒன்றைச் சொன்னார்கள். அந்த முழுமைத் தன்மையை அயொனெலும் பார்க்கரும் நிரூபித்து வெளியிட்டது 2018-இல்.

இன்னும் ஆழமான கூற்றுகளும் உண்டு. 1994-இல் சூரிக்கில் நடந்த அனைத்துலகக் கணித மாநாட்டில் கொன்ட்செவிச் சொன்னது: இந்த எண்கள் ஒத்துப்போவது மேலோட்டமான அறிகுறிதான். இயற்கணித வடிவியல் பக்கத்தில் ஷீஃப்களால் ஆன ஒரு கேட்டகரி (பொருட்களும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளும் சேர்ந்த அமைப்பு) இருக்கிறது, மறுபக்கமான சிம்ப்ளெக்டிக் வடிவியலில் ஃபுகாயா கேட்டகரி இருக்கிறது, இரண்டும் ஒன்றே. எலிப்டிக் வளைவரைக்கு இதைப் பாலிஷ்சுக்கும் ஸாஸ்லோவும் 1998-இல் காட்டினார்கள். நான்காம் படிப் பரப்புக்கு ஸைடெல், குவின்டிக்குக்கு ஷெரிடன். பொதுவாக எல்லா மிரர் ஜோடிகளுக்கும் அது இன்னும் ஊகமே. மிரர் ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு ஸ்ட்ரோமிங்கர், யாவ், ஸாஸ்லோ 1996-இல் வடிவியல் விளக்கம் ஒன்றைத் தந்தார்கள். அவர்கள் எழுதிய அதே வடிவில் அது பெரும்பாலான இடங்களில் நிறுவப்படவில்லை. மேலும், எல்லாக் கலாபி–யாவ் வடிவத்துக்கும் மிரர் உண்டு என்று வாய்தவறியும் சொல்லக்கூடாது. திரிக்கவே முடியாத, இரண்டாவது எண் பூச்சியமான வடிவங்கள் இருக்கின்றன. அவற்றின் மிரருக்கு முதல் எண் பூச்சியமாக வேண்டும். புரொஜெக்டிவ் வெளிக்குள் இருக்கும் எந்த வடிவத்துக்கும் அது நடக்காது.

இவ்வளவு இடைவெளிகள் இருக்கும்போது மிச்சம் என்ன இருக்கும் என்று கவலைப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்று: மேலே சொன்ன பெரிய ஊகங்களில் எதையும் முனைவர் பட்டத் தலைப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆய்வேடு என்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை எடுத்து, அதன் மிரர் எது என்று சொல்லி, ஒரு குறிப்பிட்ட பொருளில் அது மிரர்தான் என்று நிறுவுவது. சின்ன எடுத்துக்காட்டு ஒன்று. அ, ஆ என்று இரண்டு மாறிகள். அவற்றோடு, அவற்றின் பெருக்கத்தின் தலைகீழியையும் சேர்த்து மூன்றையும் கூட்டுங்கள். இந்தக் கூட்டுத்தொகையின் மூன்றாம் அடுக்கை விரித்தால் மாறியே இல்லாத உறுப்பு 6. ஆறாம் அடுக்கில் 90, ஒன்பதாம் அடுக்கில் 1680. மற்ற அடுக்குகளில், மூன்றால் வகுபடாதவற்றில், பூச்சியம். இதே எண்களைப் புரொஜெக்டிவ் தளத்தின் மேல் வளைவரைகளை எண்ணும் குரோமோவ்–விட்டன் கணக்கிலிருந்தும் பெறலாம். அதாவது இந்த மூன்று உறுப்புக் கோவைதான் அந்தத் தளத்தின் மிரர். புரொஜெக்டிவ் தளம் ஃபானோ வடிவங்கள் என்ற வகையைச் சேர்ந்தது. மூன்று பரிமாணத்தில் வழுவழுப்பான ஃபானோ வடிவங்கள் 105 குடும்பங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் இப்படிப்பட்ட கோவை கிடைத்துவிட்டது. நான்கு பரிமாணத்தில் மொத்தம் எத்தனை குடும்பங்கள் என்பதே தெரியாது. அங்கே மிரர் பக்கமிருந்து கோவைகளைத் தேடி, அவற்றிலிருந்து வடிவங்களை ஊகிக்கும் வேலையைக் கோட்ஸ், கோர்ட்டி, காஸ்ப்ரிஸிக் முதலியோர் நடத்திவருகிறார்கள். ஆய்வு மாணவர்கள் கைவைக்கக்கூடிய கேள்விகள் இங்கே நிறைய இருக்கின்றன.

பாட்டிரெவ் 1994-இல் காட்டிய இன்னொரு வழியில் மிரர் ஜோடி என்பது, முனைகள் எல்லாம் முழு எண் புள்ளிகளாக இருக்கும் ஒரு பன்முகியும், அதே தன்மையுள்ள அதன் இருமமும்தான். இத்தகைய பன்முகிகள் இரு பரிமாணத்தில் 16, மூன்றில் 4319, நான்கில் 47,38,00,776 என்று குரோய்ட்ஸரும் ஸ்கார்க்கேயும் கணினியால் பட்டியலிட்டார்கள். 16 படங்களையும் வரைந்து எது எதற்கு இருமம் என்று பார்ப்பது அருமையான பயிற்சி. கேட்டகரிகளில் ஆர்வம் உள்ளவர்கள் பிரிட்ஜ்லேண்ட் 2007-இல் வரையறுத்த ஸ்டெபிலிட்டி நிபந்தனைகள் (கேட்டகரியின் பொருட்களில் எவை நிலையானவை என்று சொல்லும் விதிகள்) பக்கம் போகிறார்கள். குவின்டிக்கின் மேல் அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே சுன்யி லி 2019-இல்தான் வெளியிட்டார். ஆக, இவ்வளவு அலசப்பட்ட குவின்டிக்கிலேயே இன்னும் வேலை நடக்கிறது.

இயற்பியல் கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன எந்த நிரூபணத்தையும் படிக்க ஸ்ட்ரிங் தியரி தேவையில்லை. தேவைப்படுவது ஸ்கீம், ஷீஃப் கோஹோமாலஜி, இன்டர்செக்‌ஷன் தியரி, டோரிக் வடிவியல், கொஞ்சம் ஹாட்ஜ் தியரி. நேரெதிராக, இயற்பியலில் தொடங்கி இயற்கணித வடிவியலுக்கு வர முயன்று நடுவழியில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் அடிப்படையிலிருந்து கற்பது மிகக் கடினம். ஆனால் ஆய்வின் மூன்றாம் ஆண்டுவாக்கில் இயற்பியல் கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் எது கணிதக் கூற்று, எது நம்பிக்கை என்று பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். புதிய ஊகங்கள் இன்றும் அங்கிருந்து வருகின்றன.

படிப்பு எப்படி என்றால், ஹார்ட்ஷோர்னின் 1977-ஆம் ஆண்டு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை முடித்த பிறகுதான் வேறு எதையும் தொடுவேன் என்று உட்காராதீர்கள். அதன் இரண்டாம், மூன்றாம் அதிகாரப் பயிற்சிகளைச் செய்துதான் ஆகவேண்டும். கூடவே ஒரு கையில் குவின்டிக், எலிப்டிக் வளைவரை, மூன்றாம் படிப் பரப்பு என்று திடமான வடிவங்கள் இருக்கட்டும். மூன்றாம் படிப் பரப்பின் மேல் 27 கோடுகள் என்பதை 1849-இல் கேய்லியும் ஸால்மனும் கண்டார்கள். 2875 வரும் அதே முறையில், நான்காவது செர்ன் வகுப்பாக, அந்த 27-ஐத் தாளிலேயே வரவழைக்கலாம். மக்காலே2, சேஜ் ஆகிய மென்பொருள்கள் இலவசம், இரண்டில் ஒன்றையாவது இப்போதே பழகுங்கள். ஆய்வு மாணவரின் பெரும்பாலான நாட்கள் கட்டுரை ஒன்றின் ஒரு பத்தியை எடுத்து, தனக்குத் தெரிந்த வடிவத்தில் அது என்ன சொல்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில்தான் போகும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காமல் இருப்பது இந்தத் துறையில் இயல்பு. அதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதெல்லாம் ஆகுமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். இந்தத் துறையின் நடுவே இருக்கும் பொருள் ஒன்று இங்கிருந்து போனவர்களுடையது. வட ஆர்க்காட்டுக்காரரான எம்.எஸ். நரசிம்மனும் காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும் சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் ரசீனிடம் படித்து, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர்கள். அவர்கள் 1965-இல் வெளியிட்ட தேற்றம் வளைவரைகளின் மேலுள்ள ஸ்டேபிள் வெக்டர் பண்டில்களை (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை ஒட்டவைத்த அமைப்புகளை) பற்றியது. அதன் வளர்ச்சியில் ஹிட்சின் கொண்டுவந்த ஹிக்ஸ் பண்டில் வெளிகள் மிரர் ஜோடிகளாக அமைகின்றன என்று ஹௌஸலும் தாடியஸும் 2003-இல் ஊகித்தார்கள். 2020-இல் வெளியான க்ரோஷெனிக், விஸ், ஸீக்லர் மூவரின் கட்டுரை அதை நிரூபித்தது. சேஷாத்ரி தொடங்கிய சென்னைக் கணிதவியல் நிறுவனம் சிறுசேரியில் இருக்கிறது. தரமணியில் மேட்சயின்ஸ் என்ற கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. இரண்டிலும் இயற்கணித வடிவியல் மரபு உண்டு. மிரர் சிமெட்ரியிலேயே வழிகாட்டி வேண்டுமென்றால் மும்பை, பெங்களூர், வெளிநாடு என்று வலையை அகலமாக வீசவேண்டியிருக்கும். கோடையில் மாணவர்களுக்கான எம்.டி.டி.எஸ். கணிதப் பயிற்சி முகாம், ஆய்வில் சேர்ந்த பிறகு ஏ.டி.எம். என்ற உயர்நிலைக் கணிதப் பயிற்சிப் பள்ளிகள் இரண்டும் கல்லூரியில் கிடைக்காத அடிப்படையைத் தரும். தேசிய உயர் கணித வாரியத்தின் (என்.பி.எச்.எம்.) ஆய்வு உதவித்தொகைத் தேர்வுக்கான இயற்கணிதம், பகுப்பாய்வு, டோபாலஜி மூன்றையும் நன்றாகத் தயார்செய்வது, மிரர் சிமெட்ரி பற்றிய அறிமுக உரைகள் பத்தைக் கேட்பதைவிட இந்த ஆண்டில் உங்களுக்குப் பயன் தரும்.

வழிகாட்டிக்கு எழுதும்போது "எனக்கு மிரர் சிமெட்ரியில் மிகுந்த ஆர்வம்" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது அரிது. அவருடைய கட்டுரை ஒன்றின் முதல் எடுத்துக்காட்டை நீங்களே போட்டுப் பார்த்து, எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை நான்கு வரியில் எழுதுங்கள். அந்த நான்கு வரியிலிருந்தே உங்கள் நிலை என்ன என்று அவருக்குப் புரியும். இயற்கணித வடிவியலில் நல்ல வழிகாட்டி கிடைத்து, அவர் மிரர் சிமெட்ரி செய்யாதவராக இருந்தால், சேர்ந்துவிடுங்கள். பன்முகிகளையும் பண்டில்களையும் நன்றாகக் கற்றவர்கள் பட்டத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வருவது வழக்கமாக நடப்பதுதான்.